ஆளிருந்த வீடுகளின் துடைப்பங்கள்

ஹில்யா திருடியா? சொல்கிற வாய் கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டும். யால்மரி கிழவரின் படியில் தினம் ஒரு தூக்குச் சட்டிக் கஞ்சியை வைத்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போனவள் அவள். வாங்கிக்கொள்கிறவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்குமாம்.

பின்லாந்தில் எங்கள் ஏரிக்கரைப் பக்கம் வீட்டுக்குப் பூட்டு ஏது? கதவில் வெளியே துடைப்பம் சாத்தியிருந்தால் ஆளில்லை என்று அர்த்தம். உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்தப் பனிப்புயலுக்கு மறுநாள் கிழவரின் கதவில் துடைப்பம் சாய்ந்து கிடந்தது. காற்று தள்ளியிருக்கும். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் கடந்து போனார்கள். ஹில்யா மட்டும் நின்றாள். முந்தின நாள் கஞ்சி படியிலேயே உறைந்திருந்தது. துடைப்பத்தைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

அணைந்த அடுப்பருகே கிழவர் விழுந்து கிடந்தார். மடியில் கிடத்திக் கைகாலைத் தேய்த்தாள், ஆளைக் கூப்பிட்டுக் கத்தினாள். கிழவரின் உதடு அசைந்தது.

"மாவுப் பானை காலின்னு யாருக்கும் சொல்லிடாதே பொண்ணே..."

"சொல்ல மாட்டேன் தாத்தா. கண்ணைத் தொறங்க."

அவர் திறக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு மார்த்தா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தொடப்பம் சாத்தின வீட்டுக்குள்ள உனக்கென்னடி வேலை?"

"தாத்தா போயிட்டாரு அக்கா. சும்மாதான் எட்டிப் பார்த்தேன்."

"சும்மா நுழையறதுக்கு இதென்ன ஊரே குளிக்கிற சவுனாவா? எதை எடுக்க வந்த?"

கஞ்சியைச் சொன்னால் செத்தவரின் மானம் போகும். ஹில்யா தெருவில் இறங்கி நடந்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் அவளைத் திருடி என்றது.

வீடு வீடாகத் தங்கித் துணி தைத்துத்தான் அவள் வயிறு நிறைந்தது. அதன் பிறகு, தையல் பெட்டியோடு அவள் தெருவில் இறங்கினாலே கதவுகளில் துடைப்பம் ஏறியது. முன்னால் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியே உள்ளே போய்விடுவார்கள். புகைபோக்கியில் புகை, உள்ளே காப்பி வாசனை, சிரிப்பு, வெளியே துடைப்பம்.

"அக்கா, காலு வெறச்சுப் போச்சு. அடுப்புப் பக்கம் கொஞ்சம் நின்னுட்டுப் போயிடறேன்."

உள்ளே சிரிப்பு நின்றது, அவ்வளவுதான்.

கடைசிப் பிடி மாவும் தீர்ந்த அன்று அவளிடம் மிஞ்சியது ஒரே வேலை. மார்த்தாவின் கடைக்குட்டியின் கிழிந்த கோட்டு, புயலுக்கு முன்னால் வாங்கி வைத்தது. அதைத் தைத்து முடித்தாள். மார்த்தா வீட்டுக்குள்ளே அந்தப் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. வாசல் துடைப்பத்தின் காம்பில் கோட்டை மாட்டிவிட்டு, தட்டாமல் திரும்பினாள்.

விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் கதவில் துடைப்பத்தைச் சாத்தினாள். அன்றைக்கு அந்தத் தெருவில் துடைப்பம் சாத்தியிருந்த வீடுகளில் நிஜமாகவே ஆளில்லாதது அது ஒன்றுதான்.