நாற்றம் இல்லாத வேலை

வாசனை இல்லாத ஆபத்துதான் பெரிய ஆபத்து என்று நான் நம்பினேன். இயற்பியலில் பட்டம் வாங்கிய நான் இப்படி நம்பினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் இன்னும் அசிங்கம்.

என் காலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவனுக்கு மூன்று வழி. பி.எட். படித்து வாத்தியார் ஆகலாம், பேங்க் பரீட்சை எழுதலாம், இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஆம்பூரில் ஏதாவது ஒரு தோல் பதனிடும் டேனரிக்குள் நுழைந்துகொள்ளலாம். முதல் இரண்டிலும் முறையாகத் தோற்றுவிட்டு மூன்றாவதில் சூப்பர்வைசர் ஆனேன். சேர்ந்த அன்றே கழிவுத்தொட்டிப் பக்கம் நிறுத்திச் சொன்னார்கள்: அழுகின முட்டை நாற்றம் வந்தால் விலகு, அந்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால் ஓடு. மூக்கு செத்துவிட்டால் அடுத்தது ஆள்தான். அன்றிலிருந்து அந்த மூக்கை நம்பித்தான் பிழைத்துக் கிடக்கிறேன்.

என் மகளும் இயற்பியலே எடுத்தாள். அவள் எம்.எஸ்சி. முடிக்கும் வருஷம் அவள் வேலையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருத்தர் ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். இன்ஜினியருக்கே அந்தக் கதி. என் புலம்பல் தாங்காமல் அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். வானிலை, சிப் டிசைன், டேட்டா, லேசர், ஆராய்ச்சி. கடைசியாகக் கதிரியக்க இயற்பியல். அதன் கீழே மட்டும் இரண்டு கோடு.

“இது இன்னாம்மா?”

“கேன்சருக்குக் கரண்ட் வைக்கிறாங்க இல்லப்பா, எவ்ளோ வைக்கணும், எந்தப் பக்கத்துலருந்து வைக்கணும்னு கணக்குப் போடறது பிசிக்ஸ் படிச்சவங்கதான்.”

அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரச் சொல்லிக் கடிதம். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகத் தோல் ஊறவைக்கும் டிரம் செக்‌ஷனில் இருக்கும் என் தோஸ்திடம் ஆலோசனைக்குப் போனேன். அவர் பத்தாவது பாஸ்.

“ரேடியேஷனா? வாசனை வருமா அது?”

“வராது பாய்.”

“அப்ப பேஜார்பா.”

நிபுணர் குழு கலைந்தது. தோல் பதனிடும் குரோம் உப்பு பட்டு நீலம் ஏறிய கையால் அன்றைக்கு என் செல்போனைச் சட்டைப்பையிலிருந்து பேன்ட் பைக்கு மாற்றினேன். அங்கேயும் வேண்டாம் என்று தோன்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். அப்படி ஒரு விஞ்ஞானி நான்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஆரம்பித்தேன். “முடி கொட்டுமாமே?”

“அது நோயாளிக்குப்பா. அதுவும் தலையில வச்சாதான்.”

“நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வரும்போது...”

“நீயும் பிசிக்ஸ்தானே பா?”

“அது அந்தக் காலத்து பிசிக்ஸ்.”

அவள் சிரித்தாள். சிரித்ததால் ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி, “அவ போகட்டுமே. இருபத்தஞ்சு வருஷமா நீங்க கொண்டு வர்ற நாத்தத்தை விடவா?” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெரிந்தவர்களைப் பிடித்து, ஷூ கம்பெனி டெஸ்டிங் லேபில் மகளுக்கு வேலை வாங்கினேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. காலண்டர் தாளை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஒரு சோல் எத்தனை தடவை மடங்கினால் கிழியும் என்று பார்க்கிற வேலை.

மூன்றாம் வருஷம் என் மனைவிக்கு மார்பில் கட்டி. வலி இல்லை என்பதால் அவள் சொல்லவில்லை. வாசனை இல்லை என்பதால் எனக்குத் தெரியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, கரண்ட் வைக்க வேலூருக்கு ஆறு வாரம் அலைந்தோம்.

முதல் நாள் மகளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். மிஷின் அறை வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் என் மனைவியின் கரண்ட் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் சின்னதாக ஒரு பேட்ஜ்.

“இது இன்னாம்மா?” என்றேன்.

“எங்க மேல எவ்ளோ ரேடியேஷன் படுதுன்னு பாக்கறதுக்கு, அங்கிள்.”

“எவ்ளோ பட்டுச்சு?”

“சொல்ற அளவுக்கு ஒண்ணுமே இல்ல.” சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “ஏய், நீயா? ஒண்ணாதானே எக்ஸாம் எழுதினோம். லிஸ்ட்ல எனக்கு மேல இருந்தியே. ஏன்டி வந்து சேரல?”

எனக்கு ஓட இடமில்லை.

மகள் என்னைப் பார்க்கவில்லை. “வீட்ல கொஞ்சம் வேலை இருந்துச்சுடி,” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு ஜோக் சொல்லலாமா என்று தேடினேன். வரவில்லை. பள்ளிகொண்டா தாண்டியதும், “மறுபடி எழுதும்மா,” என்றேன்.

“சரிப்பா.”

மனைவி தேறிவிட்டாள். மகள் அடுத்த வருஷம் மறுபடி எழுதினாள். வேலைக்குப் போய்க்கொண்டே படித்ததில், காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் வந்தது. முதல் பெயர். யாராவது ஒருத்தர் சேராமல் விட்டால் போதும்.

அந்த வருஷம் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள்.