ரோஸ் ஆன்ட்டி படத்தை நிறுத்தும் இடம்

போன வாரம் மகளின் பாக்ஸிங் கிளாஸ் பையைக் காரிலிருந்து எடுத்தேன். ஐயோ, அந்தக் கிளவுஸ் நாற்றம்! தோலும் வியர்வையும் கலந்து ஆளையே தூக்கியது. முகர்ந்து பார்த்தேன் என்று வேறு சொல்ல வேண்டுமா? "அப்பா, ஸ்டாப் இட்!" என்று கத்தினாள். எனக்கென்னவோ அது ஜெர்சி சிட்டி வாசனை. இப்போதிருக்கும் மான்மவுத் ஜங்ஷன் வீடும் லோனும் வருவதற்கு முன்னால், ரூம்மேட் செந்திலோடு ஒரு மாடியறையில் ரசம் கொதிக்கவைத்துக் குடியிருந்த காலம்.

வீட்டுக்காரி ரோஸ் ஆன்ட்டி. எண்பதை நெருங்கும் அமெரிக்க அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை. ஹாலில் அவருடைய அப்பாவின் கிளவுஸ் தொங்கும். முதல் உலகப் போர் காலத்து ஆள். வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்த தோளோடு குத்துச்சண்டைக்குப் போய், தன்னைவிடத் தடிமாடாக இருந்தவர்களையெல்லாம் சாய்த்துச் சாம்பியன் ஆனவர். ஆன்ட்டி பிறப்பதற்கு முன்பே பட்டம் போய்விட்டது. பிறகு துறைமுகத்தில் வாட்ச்மேன். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மனுஷர் எப்போதும் உர்ரென்றே இருப்பாராம்.

பட்டம் பறிபோன அந்தக் கடைசிச் சண்டையின் படச்சுருள் ஆன்ட்டியிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டரில் ஓட்டுவார். அப்பா குத்தக் குத்த ஆன்ட்டியும் சோபாவில் உட்கார்ந்தபடி குத்துவார், நாங்கள் விசிலடிப்போம். எதிராளி கை ஓங்குகிற கட்டம் வந்ததும் டப்பென்று நிறுத்திவிடுவார்.

"அப்புறம் என்னாச்சு ஆன்ட்டி?"

"விழுந்துடுவார். அதை நான் பார்த்ததே இல்ல. பார்க்கவும் மாட்டேன்."

சொன்னது இங்கிலீஷில்தான். என் ஞாபகத்தில் அவர் தமிழ்தான் பேசுகிறார், என்ன செய்ய!

செந்தில் கோயம்புத்தூர்க்காரன். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஆன்ட்டியின் பிறந்தநாளுக்கு அந்தச் சுருளைச் சிடியாகக் கன்வர்ட் பண்ணிக்கொண்டு வந்து, பெருமையாக டிவியில் போட்டான். அந்தக் கட்டம் வந்தது. ஆன்ட்டி ரிமோட்டை எடுத்துக்கொண்டு தடுமாறினார். எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. "நிறுத்துடா டேய்!" என்று நான் கத்துவதற்குள் அப்பா விழுந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

விழுந்தவர் எழுந்தார். தள்ளாடிக்கொண்டே போய் ஜெயித்தவனைக் கட்டிக்கொண்டார். உதடு கிழிந்திருந்தது, ஆனாலும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல," என்றார். பிறகு செந்திலிடம், "அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடு, கண்ணா."

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை ஓடவே இல்லை, சிரிப்பு மட்டும்தான்.

இப்போது ஆன்ட்டி இல்லை. வீட்டை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். சுருளும் சிடியும் எங்கே போயினவோ, டெக்ஸாஸ் போய்விட்ட செந்திலுக்கும் தெரியவில்லை. அந்த மனிதர் சிரித்ததைப் பார்த்தவர்களில் இன்று மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.