முதல் ஆளாக ஓடிய ராமுத்தாய்

"பிள்ளை வளக்க எனக்குச் சொல்லிக்குடுக்க இந்தச் சிவகாசித் தாலுகாவுல ஒரு ஆளு இன்னும் பொறக்கலை. இனிமே பொறந்தாலும் அது எங்கிட்டத்தான் வளரணும்."

ராமுத்தாய் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்து ஊரில், தாம் நடத்திவரும் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில். பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த தாய்மார் ஒன்பது பேரும், அவர்கள் இடுப்பில் இருந்தவர்களும் கேட்டார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? காலை ஏழு மணிக்கு ஊரைக் கூட்டி அழும் பிள்ளை, ஏழு ஐந்துக்கு ராமுத்தாய் மடியில் வாயைப் பிளந்து தூங்கும். பதினாலு வருஷமாக நடக்கும் அதிசயம் இது.

பிரகடனத்துக்குக் காரணம் ஒரு கடிதம். காப்பாளர்கள் அனைவரும் சூலக்கரையில் மூன்று நாள் பயிற்சி பெறவேண்டும். மூன்றாம் நாள் தேர்வு. தேறாதவர்கள் காப்பகத்தில் தொடர முடியாது. கடைசி வரியை ராமுத்தாய் இரண்டு முறை படித்தார். அப்புறம் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்துவைத்தார்.

பயிற்சி கொடுக்க வந்த ஸ்ரீமதிக்கு இருபத்தெட்டு வயது, கோயம்புத்தூர்க்காரர். முதல் நாள் காலை கை கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ராமுத்தாய் கொட்டாவி விட்டார். பிள்ளைகளோடு பேசும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ராமுத்தாய் பக்கத்தில் இருந்த திருத்தங்கல் கற்பகவல்லியிடம், "இந்தப் பொண்ணுக்கு எத்தனை பிள்ளைக?" என்று கேட்டார்.

"இன்னும் கல்யாணமே ஆகலையாம்க்கா."

"சரியாப் போச்சு."

மதியம், ஆபத்து வந்தால் பிள்ளைகளை வெளியேற்றும் ஒத்திகை. காப்பாளர் பதினோரு பேர். ஆளுக்கு ஐந்து துணிப் பொம்மை, ஒரு பெட்ஷீட். சத்தம் கேட்டதும் பொம்மைகளைப் பெட்ஷீட்டில் போட்டு, நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, எண்ணிப் பார்த்து, அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்து, காப்பாளர் கடைசி ஆளாக வெளியேற வேண்டும். ஸ்ரீமதி அழகாக விளக்கினார். விளக்கிவிட்டு, ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் போட்டார்.

டமார்!

அடுத்த நொடி அந்தக் கூடத்தில் ஸ்ரீமதி இருந்தார், ஐம்பத்தைந்து பொம்மைகள் இருந்தன. வேறு யாரும் இல்லை.

குற்றம் யாருடையதும் அல்ல. வந்திருந்த பதினோரு பேரும் ஒரு காலத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்: சத்தம் கேட்டால் எதையும் எடுக்காதே, யாரையும் கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே, ஓடு. ராமுத்தாய் பதினோரு வருஷம் திரி வெட்டும் அறையில் இருந்தவர். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தபோது அந்தப் பாடத்தால்தான் தப்பினார். அந்தக் கால்கள் இப்போது கூடத்தையும் வராந்தாவையும் தாண்டி, ரோட்டையும் தாண்டி, எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. பதினோரு பேரில் முதல் ஆள்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த கற்பகவல்லி, "யக்கா, நம்ம பிள்ளைக எங்க?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ராமுத்தாயும் சிரித்தார். சிரித்து முடித்தபின் அவருக்குத் தம்முடைய பதினெட்டுப் பேரும் ஞாபகம் வந்தார்கள். அதில் நாலு பேருக்கு இன்னும் நடக்கவே வராது. அவர் காப்பகத்துக்கும் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கும் நடுவே இருப்பது ஒரு சோளக்காடுதான்.

மறுநாள் ஒத்திகையில் இரண்டு பொம்மைகளோடு ஓடினார். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் பெத்தணனைக் கூப்பிட்டார். "இந்தாருங்க, அந்த அலுமினியக் குத்துப்போணியை எடுங்க. எனக்குத் தெரியாம பின்னால வந்து கீழ போடுங்க."

"எதுக்குப் புள்ள?"

"போடுங்கன்னா போடுங்க."

முப்பது வருஷமாக மனைவியின் எந்த உத்தரவுக்கும் காரணம் பெறாத பெத்தணன், இதற்கும் பெறாமல் போட்டார். ராமுத்தாய், பொம்மைகளுக்குப் பதிலாகப் பரப்பிவைத்திருந்த தலையணைகளை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். மறுபடி போட்டார். மறுபடி ஓடினார். ஏழாவது தடவையில் ஒரு தலையணை வந்தது. பன்னிரண்டாவது தடவையில் போணி நசுங்கியது. பெத்தணன் குடத்துக்கு மாறினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரின் மேல் எட்டிப் பார்த்து, "ஏ பெத்தணா, சண்டைன்னா பஞ்சாயத்துக்கு வாங்கப்பா, ஏம்ப்பா பாத்திரத்தைப் போட்டு உடைக்கீக?" என்றார்.

"சண்டை இல்லைண்ணே, படிக்கா!" என்றார் பெத்தணன் பெருமையாக.

மூன்றாம் நாள் தேர்வு. ஸ்ரீமதி கையில் பட்டியலோடு ஒரு ஓரத்தில் நின்றார். அன்றைக்குத் தாம்பாளம் வாட்ச்மேன் கையில். ராமுத்தாயின் முறை வந்தது.

டமார்!

பெட்ஷீட் விரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நாலு முனையும் ஒரு கையில் சேர்ந்தன. ராமுத்தாய் கூடத்தின் நான்கு மூலையையும் பார்த்தார், "யாரும் இல்லை" என்று சத்தமாகச் சொன்னார், கடைசி ஆளாக வெளியே வந்தார். கைதட்டல் எழுந்தது. ஸ்ரீமதி பட்டியலில் 'தேர்ச்சி' என்று எழுதினார். சாயங்காலம் சான்றிதழும் கொடுத்தார். கற்பகவல்லி அதை வாங்கிப் பார்த்து, "கண்ணாடி போட்டு மாட்டுக்கா" என்றாள்.

எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபின் ராமுத்தாய் மட்டும் திரும்பி வந்தார். ஸ்ரீமதி பொம்மைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், சத்தம் கேட்டதும் நான் மொதல்ல வாசலுக்கு மூணு எட்டு ஓடுனேன். அப்புறந்தான் திரும்பி வந்து பெட்ஷீட்டை விரிச்சேன். நீங்க அப்பப் பட்டியலைப் பாத்துக்கிட்டு இருந்தீக."

ஸ்ரீமதி நிமிர்ந்தார். "பரவாயில்லைங்க அம்மா. திரும்பி வந்துட்டீங்கல்ல? பாஸ் போட்டாச்சு. இப்ப இதைச் சொன்னா நான் மாத்தி எழுத வேண்டியிருக்கும். உங்க வேலை என்னாகுறது?"

"அங்கன நெசமா வெடிச்சா திரும்பி வர வழி இருக்காது டீச்சர்."

ராமுத்தாய் சான்றிதழை மேசைமேல் வைத்தார். கசங்காமல் ஓரத்தை நீவிவிட்டார்.

"திங்கக்கெழமை அடுத்த கூட்டம் வருதாம்ல? எம் பேரையும் சேத்துக்கோங்க. அந்த மூணு எட்டை எப்படி நிப்பாட்டணும்னு எனக்குச் சொல்லிக்குடுங்க."