செண்பகம் பேசிய ஜப்பான் படம்

படத்தில் கைக்குழந்தை அழுதால் பெரும்பாலும் அது செண்பகம். சாவு வீட்டுக் காட்சியில் பின்னாலிருந்து ஒப்பாரி கேட்டால் அதுவும் அவள். கதாநாயகியின் தம்பி "அக்கா" என்று ஓடி வந்தால், வாயசைப்பது ஒரு பையன், குரல் அவளுடையது. வடபழனி டப்பிங் கூடங்களில் அப்படியும் ஒரு பிழைப்பு இருந்தது. திருநெல்வேலி நாடகக் கம்பெனி ஒன்றோடு மெட்ராசுக்கு வந்தவள் அவள். கம்பெனி கலைந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறைப் போர்ஷனில் கணவனோடு இருந்தாள்.

மாயாஜாலப் படங்களுக்கு மட்டும் அவள் குரல் கொடுக்க மாட்டாள். பூதம், பறக்கும் குதிரை, வானத்திலிருந்து இறங்கும் தேவர்கள் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்டால் ஒலிப்பதிவாளர் வில்லியம்தான் அவள் காதில் விழாமல் சொல்வார்.

அவள் கணவன் வெள்ளைத்துரை ஸ்டுடியோவில் கம்பி கட்டுகிறவன். நடிகர்களை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, உச்சியில் பலகை மேல் நின்று இழுக்கிற வேலை. அறுபத்தொன்பதில், ஓர் இளவரசன் மேகங்களுக்கு நடுவே பறக்கிற காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது பலகை புரண்டு கீழே விழுந்தான். இளவரசனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. வெள்ளைத்துரைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. படம் நன்றாக ஓடியது. பறக்கிற இடத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள் என்று யாரோ வந்து சொன்ன அன்று செண்பகம் அடுப்பு மூட்டவில்லை.

அந்த மாதிரிப் படங்களில் விழுந்தவன் தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறான், செத்தவன் வரம் வாங்கித் திரும்பி வருகிறான். அந்தப் பொய்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைத்துரைக்கோ அந்தப் படங்கள் மேல் இருந்த ஆசை படுக்கையிலும் போகவில்லை. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் பார்த்துவிட்டு வந்தால் கூப்பிட்டுக் கதை கேட்பான். அவள் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டுவாள். விழுந்ததைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

எழுபத்தெட்டு தொடக்கத்தில் அவளுக்கு வேலை குறைந்து போயிற்று. அப்போதுதான் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகம் சிங்கப்பூர் ஏஜென்ட் ஒருவர் மூலம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரை வாங்கி வந்தார். மலை உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன். அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஒரு பையன் அதை ஓட்டுகிறான். வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிற இயந்திரங்களோடு சண்டை. பல பகுதிகளாக இருந்ததை வெட்டி ஒட்டி, தமிழ் பேசவைத்து, கோடை விடுமுறைக்கு ஒரே படமாக விடுவது அவர் திட்டம்.

பையன் குரலுக்கு வில்லியம் செண்பகத்தைக் கூப்பிட்டார். முடியாது என்றாள். அது மாயாஜாலம் இல்லை, எல்லாம் இஞ்சினும் போல்ட்டும்தான் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம் வில்லியம்?" என்று மெட்ராஸ் பேச்சிலேயே திருப்பிக் கேட்டாள். ஆனால் வேறு வேலை எதுவும் இல்லை. மறுவாரம் போனாள்.

முதல் பகுதிகளை அலட்சியமாகத்தான் பேசினாள். கத்த வேண்டிய இடத்தில் கத்தினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். தண்ணீர் குடிக்க வெளியே வந்தால், பொம்மைக்குப் பொம்மை பேசுகிற காலம் வந்துவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்வாள்.

டப்பிங்கில் படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, வளையமாக ஒட்டி ஓட்டுவார்கள். உதட்டோடு சொல் பொருந்துகிற வரை அதே துண்டு சுற்றிச் சுற்றி வரும். வேண்டாத காட்சியானாலும் பார்க்காமல் தப்ப முடியாது. அப்படித்தான் அந்தத் துண்டும் வந்தது. இரும்பு மனிதனைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒருவன் இருந்தான். தமிழில் அவனுக்கு முத்தண்ணன் என்று பெயர். சண்டைக்கு முன்னால் அவசரமாக அதன் தோளில் ஏறி எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவன் கால் தவறி விழுந்தான். அவ்வளவுதான். கத்தவில்லை. ஒரு தொப்பி மட்டும் காற்றில் மெதுவாக இறங்கி வந்தது. துண்டின் கடைசியில் பையன் "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல் பொருந்தவே இல்லை. அவன் திரும்பத் திரும்ப விழுந்தான்.

அடுத்த பகுதியில் கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து வருவான் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. ஒரு முழுப் பகுதியில் சண்டையே கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரும் பேசவில்லை. பையன் இரும்பு மனிதனுக்குள் ஏற மாட்டேன் என்கிறான். ஏறச் சொல்லி வந்தவர்களிடம், இந்த இரும்பு மனிதன் எழுந்து நடந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள், அவரை யாரும் நினைக்கமாட்டீர்கள் என்கிறான். அந்த வரியைப் பேசிவிட்டுச் செண்பகம் மைக்கை விட்டு நகர்ந்து நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வில்லியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா யக்கா, ஒடம்பு சரியில்லியா?"

"இன்னொரு தரம் ஓட்டு. பேசுறதுக்கு இல்ல. பாக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கணவனுக்குச் சோறு உருட்டிக் கொடுத்துக்கொண்டே முத்தண்ணன் விழுந்த கதையைச் சொன்னாள். இது மாதிரிப் படக்கதையை அவள் வாயால் அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசி வரை கேட்டுவிட்டு, விழும்போது கத்தினானா என்றான். இல்லை என்றாள்.

"கத்த முடியாது," என்றான் வெள்ளைத்துரை. "மூச்சு இருக்காது பாத்துக்க. பலகை ஆடுதுன்னு நான் அதுக்கு முன்னாடியே சொன்னேன். ஒரே ஒரு ஷாட்டு, முடிச்சிரலாம்னாங்க."

ஒன்பது வருஷத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு டப்பிங் உள்ள நாளெல்லாம் அவன் வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக் காத்திருப்பான். அவள் சேலை மாற்றுவதற்குள் கேட்டுவிடுவான். பையன் ஏறினானா? முத்தண்ணன் பெண்டாட்டிக்கு யார் போய்ச் சொன்னார்கள்? செண்பகம் நடித்தே காட்டினாள். நாடகத்திலும் அவள் அப்படி நடித்ததில்லை. டப்பிங் கூடத்தில் தன் பகுதி முடிந்த பிறகும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்க உட்கார்ந்திருந்தாள். இதை எழுதினவன் யாராவது ஒருவனை இழந்திருக்க வேண்டும் என்று வில்லியத்திடம் சொன்னாள். வாட்ச்மேன் பழைய கேலியை ஞாபகப்படுத்தியபோது அவளுக்குக் கோபம் வந்தது.

வேலை முடிகிற சமயத்தில் மாணிக்கவாசகம் வந்து போட்டுப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். நிதானமாகவே பேசினார். பிள்ளைகள் சண்டை பார்க்க வருகிறார்கள், இழவு பார்க்க வரவில்லை என்றார். சாப்பாட்டுக் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். பையன் ஏறமாட்டேன் என்பது வேண்டாம். முத்தண்ணன் விழுந்ததை மட்டும் வெட்ட முடியாது, அதை ஒட்டித்தான் பெரிய சண்டை. அதனால் அதற்குப் பின்னால் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பையன் முதுகு காட்டி நிற்கிற இடம், உதட்டசைவு தெரியாது.

"அண்ணன் பொழச்சிட்டார், ஊருக்குப் போயிட்டார். இத மட்டும் சந்தோஷமாச் சொல்லிருங்கம்மா."

அவர் செத்துப் போகிறார் ஐயா, அதுதானே கதை, என்றாள் செண்பகம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வேறு யாரையாவது வைத்துப் பேசிக்கொள்கிறோம் என்றார். அதே குரலில் பேச ஆள் இருந்தது, அவளுக்குத் தெரியும். அவள் பேசிய மற்ற வரிகளும் போய்விடும். அவள் மைக் முன்னால் போய் நின்றாள். அந்த வரி முதல் தடவையிலேயே பொருந்திவிட்டது.

கணவனிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

மே மாதம் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாகப் படம் வந்தது. பார்த்தே ஆகவேண்டும் என்றான் வெள்ளைத்துரை. வெயில், படிக்கட்டு, தூக்க ஆள் வேண்டும் என்று அவள் என்னென்னவோ சொன்னாள். அவன் பக்கத்துப் போர்ஷன் ஆட்களிடம் தானே பேசி வைத்துவிட்டான். விபத்துக்குப் பிறகு அவன் அந்தச் சந்துக்கு வெளியே போனது அன்றைக்குத்தான். வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னான். டாக்சியில் போகும்போது தெருவையெல்லாம் ஆசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

தியேட்டரில் பாதிக்குமேல் காலி. அவனைக் கடைசி வரிசை ஓரத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். முத்தண்ணன் இரும்பு மனிதனின் தோளில் ஏறினான், விழுந்தான், தொப்பி இறங்கியது. வெள்ளைத்துரை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உடனே திரையில் பையன் முதுகைக் காட்டி நின்று, செண்பகத்தின் குரலில், அண்ணன் பொழச்சிட்டார், ஊருக்குப் போயிட்டார் என்றான். முன்வரிசையில் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சண்டை ஆரம்பித்தது.

கையை அவன் உதறவில்லை. தன் கையை மெதுவாக விலக்கி மடிமேல் வைத்துக்கொண்டான். திரும்பி வருகிற வழியில் லஸ் முனையில் டாக்சி நின்றபோது, வெளியே பார்த்தபடியே கேட்டான்:

"எந்த ஊருக்குப் போனானாம்?"

அவர்கள்தான் சொல்லச் சொன்னார்கள் என்று அன்றைக்கும் மறுநாளும் சொன்னாள். அவன் சரி, சரி என்றான். கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு அவன் யாரிடமும் படக்கதை கேட்கவில்லை. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டான். ஐப்பசி மழையில் முதுகுப் புண் சீழ் வைத்து, ஜன்னி கண்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

படம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மாணிக்கவாசகம் சினிமாவை விட்டுவிட்டுக் கடையோடு நின்றுகொண்டார். வெட்டிப்போட்ட பகுதிகளையாவது வாங்கி வைக்கலாம் என்று வில்லியம் போய்க் கேட்டார். பெட்டிகளோடு பழைய ஃபிலிம் வியாபாரிக்குப் போட்டாகிவிட்டது, ஃபிலிமை உருக்கி வளையல் செய்கிறவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்கு வில்லியமும் அவர் மனைவி லூயிசாவும் செண்பகத்தை வற்புறுத்திக் கூட்டிப்போனார்கள். வில்லியம் மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தபோது, லூயிசா கடற்கரை மணலில் உட்கார்ந்து, அப்படி என்னதான் இருந்தது அந்தப் படத்தில், இவர் வீட்டிலும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று கேட்டாள். செண்பகம் சொல்ல ஆரம்பித்தாள். எல்லோரும் பேசாமல் சாப்பிடுகிற இடத்துக்கு வந்தபோது குரல் தானாகவே பையன் குரலாக மாறிற்று. லூயிசா அன்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில், "குழந்தைங்க படம்தானே அது?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் செண்பகம் நிறுத்திக்கொண்டாள்.