ஓடைப் பாலத்துக் குரல்

குழந்தைவேலுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதில் பாகூரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவன் ஓட்டுகிற வண்டியில் மனுஷர் ஏறலாமா என்பதில்தான் ஊருக்கே சந்தேகம்.

அதுவரை அவன் ஓட்டியது மிராசுதார் சிங்காரவேலுவின் நெல் லாரி. பட்டணத்துக்கு மூட்டை கொண்டுபோய் இறக்குவான், வெறும் வண்டியோடு திரும்புவான். ஒரு நாள் சிங்காரவேலு லாரியை விற்றுவிட்டு, யாரோ ஓட்டித் தீர்த்த பழைய பஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பெயிண்ட் அடித்து மாலை போட்டால் பழசு புதுசாகிவிடும் என்று நம்புகிற மனிதர். பாகூருக்கும் புதுச்சேரிக்கும் இனி பஸ் போகும் என்று ஊரெல்லாம் சொல்லியும் விட்டார்.

ஆனால் மூட்டை ஏற்றின லைசன்ஸ் மனுஷருக்குச் செல்லாது. பிரெஞ்சு சர்க்கார் அதிகாரி ஒருவர் பட்டணத்திலிருந்து வருவார், நிஜமான ஆட்களைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் ஸ்டியரிங். இல்லாவிட்டால் கடலூரில் ஒரு டிரைவர் தயாராக இருக்கிறான் என்று சிங்காரவேலு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். லாரியும் போய், காணி நிலமும் இல்லாத குழந்தைவேல், தேறாவிட்டால் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

வெற்று பஸ்ஸை வைத்துக்கொண்டு அவன் தினமும் பழகினான். கடைசி பெஞ்சில் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் வைத்து, ஏரிக்கரையிலிருந்து அரியாங்குப்பம் வரைக்கும் ஓட்டுவான். திரும்பி வந்ததும் முதல் வேலை, பெஞ்சு நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. மற்ற வழியெல்லாம் சொட்டுத் தண்ணீர் சிந்தாது. கிருமாம்பாக்கம் தாண்டி ஓடைப் பாலம் வந்தால் மட்டும் பாதிக் குடம் காலியாகிவிடும். அங்கே அவன் கால், அவனைக் கேட்காமலே பிரேக்கில் ஏறி நின்றுவிடும்.

காரணம் ஊருக்கே தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால், அவன் மனைவி தனக்கொடிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். லாரியில் வைக்கோலைப் பரப்பி, அவளைக் கிடத்தி, அவள் தாய் தையலம்மாளைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் குழந்தைவேல் பறந்தான். பொழுது விடிந்துகொண்டிருந்த நேரம். ஓடைப் பாலத்துக் குண்டுகுழியில் வண்டி தூக்கிப் போட்டபோது, பின்னாலிருந்து குரல் கேட்டது. "மெதுவா... மெதுவா..."

அவன் மெதுவாகப் போகவில்லை. பாவி, இன்னும் அழுத்தி மிதித்தான். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பாலத்தில் லாரி ஏறினால் போதும், முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வரும். மூட்டை இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். கள்ளுக்கடையில் ஒரே ஒரு தடவை இதை உளறினான். ஊருக்கு அது போதாதா? தனக்கொடி அவன் பின்னாலேயே உட்கார்ந்து வருகிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மாமியார் வீடு இருக்கிற தெருவை அவன் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான். மகளைக் கொன்றவன் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பான்?

சோதனை நாளும் வந்தது. அதிகாரி வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிங்காரவேலு தன் பண்ணையாட்களையே பிரயாணிகளாக வரச் சொல்லியிருந்தார். வந்தார்கள், வரிசையாக நின்றார்கள். ஏறத்தான் ஆள் இல்லை. ஆதிமூலம் என்பவன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, திடீரென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நினைவு வந்து இறங்கிக்கொண்டான்.

"இன்னாடா, பஸ்ஸு கடிச்சிடுமா?" என்று சிங்காரவேலு பல்லைக் கடித்தார்.

"பஸ்ஸு கடிக்காதுங்க. பின்னாடி குந்திக்கினு வர்றாளே..." என்று ஒருவன் இழுத்தான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தைவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தான்.

அப்போது வயலிலிருந்து சேற்றுக் காலோடு தையலம்மாள் வந்தாள். கூட்டத்தைக் கையால் விலக்கினாள்.

"எம் பொண்ணுதானடா பின்னாடி குந்தியிருக்கா? நான் போயி அவ பக்கத்துல குந்திக்கிறேன். உங்களுக்கு இன்னா வந்துது?"

ஏறி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு கிழவி ஏறின பிறகு ஆம்பளைகள் நிற்க முடியுமா? ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு எல்லாரும் ஏறினார்கள்.

பஸ் புறப்பட்டது. குழந்தைவேல் திரும்பியே பார்க்கவில்லை. கடைசி பெஞ்சின் பார்வை பிடரியில் சுடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. ஏரிக்கரை போயிற்று, கிருமாம்பாக்கம் போயிற்று. இன்றைக்கு என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பிழைப்பு போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினான்.

"மெதுவா... மெதுவா..."

அதே குரல். அதே இழுப்பு. கால் பிரேக்கை மிதித்துவிட்டது, பஸ் குலுங்கி நின்றது. அவன் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான். தையலம்மாள் முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் இன்னும் மூடவில்லை.

"அத்தே..." அவன் ஸ்டியரிங்கை விட்டு எழுந்தான். "அன்னிக்கும் நீதானா?"

"வேற யாரு? அவதான் பாலம் வர்றதுக்கு முந்தியே அடங்கிட்டாளே. எம் மடியில தல தட்டிக்கினே வந்துது. இனிமே இன்னாத்துக்கு வேகம்னு கத்துனேன். உன் காதுல ஏறல."

"அவதான் சொன்னான்னு..."

"அவளா? அவ ஒரு வார்த்த பேசலடா. உதட்டக் கடிச்சிக்கினே போயிட்டா." தையலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத்தினி வருசமா என் வூட்டுப் பக்கம் வரலியே, இதுக்குத்தானா?"

அதிகாரி அரைகுறைத் தமிழில், "ஏன் நிறுத்தின?" என்று கேட்டார்.

குழந்தைவேல் வாய் திறப்பதற்குள் தையலம்மாள் சொன்னாள். "நான் சொன்னேன் முசியே. பயமா இருந்துது, சொன்னேன்."

அதிகாரி தலையாட்டினார். "பிரயாணி சொல்ல நிறுத்தினான். நல்லது. போ."

லைசன்ஸ் கிடைத்தது. சிங்காரவேலு பஸ்ஸுக்குப் பூசணிக்காய் உடைத்தார். குழந்தைவேல் மாமியார் வீட்டில் போய் வயிறாரச் சாப்பிட்டான். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது என்று அவளிடம் சொல்லி அழவும் செய்தான். அது பொய்யில்லை.

மறுநாள் காலை, பஸ் நிறைய ஆளோடு ஓடைப் பாலத்தில் ஏறினான். மீன்கூடைக்காரிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை வீறிட்டது. முதுகுக்குப் பின்னால் வேறு சத்தமே இல்லை. சாயங்காலம் திரும்பும்போதும் இல்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, வரவே இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தினம் அந்தப் பாலத்தில் தன்னோடு பேசிக்கொண்டிருந்தவள் தனக்கொடி என்று நம்பித்தான் அவன் இத்தனை நாள் லாரி ஓட்டியிருக்கிறான். நடுங்கிக்கொண்டே ஓட்டினாலும், அவளிடம் போவதற்காகத்தான் ஓட்டியிருக்கிறான்.

இப்போதும் அந்தப் பாலத்தில் பஸ் ஊர்ந்துதான் போகும். டிரைவருக்குப் பயம் இன்னும் தெளியவில்லை என்று பிரயாணிகள் சிரிப்பார்கள். குழந்தைவேல் எஞ்சின் சத்தத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, காதைப் பின்னால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.