ஹோதோர்ன் வீதியில் ஒரு வேலி

கேதீஸ்வரன் அங்கிள் இந்த நாட்டுக்குப் படகில் அகதியாக வந்தவர். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். நிரந்தர விசா கிடைத்ததும் நகரின் மறுகோடியில், ட்ருகனினாவின் புதுக் குடியிருப்பொன்றில், ஹோதோர்ன் வீதியில் வீடு வாங்கினார். சாவி கைக்கு வந்த அன்றே வாசலில் நின்று என்னிடம் கேட்டார்:

“வேலி எங்க?”

அந்தக் குடியிருப்பில் முன்வேலி போடக்கூடாது. வீடு விற்ற நிறுவனத்தின் விதி அது.

“வேலியில்லாட்டி என்ர காணியெண்டு எப்பிடிச் சொல்லுறது? இன்னும் தற்காலிக விசாவில இருக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். படித்தது ஆங்கில மொழி வரலாறு. அதனால் என்ன பிரயோசனம் என்று அம்மா கேட்காத கிழமை இல்லை, நானும் கேட்டுக்கொள்வதுண்டு. அங்கிள்தான் முதன்முதலாக அதற்கு வேலை கொடுத்தார்.

“ஹோதோர்ன் எண்டா என்ன?”

“ஒரு முள்மரம், அங்கிள். பழைய ஆங்கிலத்தில முன்பாதி வேலி, பின்பாதி முள். வேலிக்கு நடுற மரம்.”

அங்கிள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “அப்ப, வீதிக்கு வேலியெண்டு பேர் வைச்சுப்போட்டு, வேலி போடாத எண்டுறாங்களோ? வா, போய்ச் சொல்லு!”

நிறுவன அலுவலகத்தில் ஆயிரம் வருடச் சொல்வரலாற்றை விளக்கினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். மரப் பெயர் வைத்தால் வீடு விலைப்படும் என்றாள். அந்த மரம் இங்கே களை, நடாதீர்கள் என்றாள். கடைசியில் இரக்கப்பட்டு, இடுப்பளவில் பூஞ்செடி நட்டால் அது வேலி ஆகாது என்றாள்.

அங்கிளுக்கு அது போதும். செவ்வரத்தைத் தடிகளை, ஊரில் வேலிக்கு நடும் கதியால் போல நெருக்கி நட்டார். தளிர் வந்ததும் உள்ளே நின்று தண்ணீர் விட்டார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஊரில் அவருடைய தகப்பனும் சித்தப்பாவும் வேலி எல்லைக்காக வழக்காடி, முகம் பாராமலே செத்தவர்கள். “நான் அந்தச் சாதி மனுசனில்லை” என்பார்.

பிறகு நகரசபை ஆள் அளவுநாடாவோடு வந்தார். கதியால் வரிசை முழுவதும் ஒரு சாண் வெளியே, சபையின் புல்தரையில் நின்றது.

“என்ன அங்கிள் இது?”

“கயிறு கட்டித்தான் நட்டனான், பிள்ளை. கை தன்ர பாட்டில தள்ளிப்போட்டுது.”

அங்கிள் எல்லாவற்றையும் பிடுங்கினார். சபை ஆள் திரும்பி வந்துவிடுவார் என்ற பயத்தில் இம்முறை எல்லையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டார். இப்போது அவருடைய சொந்தக் காணியில் ஒரு சாண் வேலிக்கு வெளியே கிடக்கிறது. வீதியால் போகும் நாய்கள் அதில்தான் காலைத் தூக்குகின்றன.

“ஏய், அதுவும் என்ர காணி!” என்று செவ்வரத்தைக்கு மேலால் எட்டிக் கத்துகிறார்.