சோப்பு டப்பாவில் ஸ்டெல்லா கட்டிய ட்ரெபிள் பூஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தங்கராஜ் மாஸ்டர் போன் செய்தார். "நம்ம ஸ்டெல்லா பூட்டாங்கப்பா" என்றார். அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வைத்தார். எண்பதுகளில் அம்பத்தூர் பக்கம் மாஸ்டர் நடத்திய எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்டவர்களுக்கு ஸ்டெல்லாவை நினைவிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டார் வாசித்தவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து டோலக் அடித்தவன்.

பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரேடியோ கம்பெனி வேலை, மாலையில் ஒத்திகை என்று ஓடியவர் அவர். குழுவில் ட்ரம்பெட் சேர்ந்ததும் கிட்டார் அமுங்கிப்போனது. "கேக்கவே மாட்டேங்குதும்மா. ஆவடி திருவிழாவோட கிட்டார நிறுத்திக்கலாம்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா அசரவில்லை. "கேக்க வெக்கிறேன் மாஸ்டர்" என்றார்.

ஏதோ மாத இதழைப் பார்த்து ஒரு ட்ரெபிள் பூஸ்டர் கட்ட ஆரம்பித்தார். கிட்டாரின் கீச்சுச் சத்தத்தை மட்டும் தூக்கிவிட்டால் எந்த இரைச்சலிலும் கேட்கும் என்பது அவர் கணக்கு. பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஒரு டிரான்சிஸ்டர், கொஞ்சம் சில்லறைச் சாமான், ஒரு பேட்டரி. எல்லாம் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. வாசித்துக் காட்டியபோது எனக்குக் காது கூசியது. "இனிமே என் முறை வந்தா டோலக்க அடக்கு. இல்லேன்னா இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டுருவேன்" என்று மிரட்டினார்.

ஆவடி மேடைக்குக் கூப்பிடு தூரத்தில் வானொலிக் கோபுரம். ஸ்டெல்லா தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது, சுவிட்சைத் தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று வானொலி விவசாய நிகழ்ச்சியின் குரல், தென்னையில் குரும்பை உதிராமலிருக்க உரம் சொன்னது. ஊரே சிரித்தது. மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது.

ஸ்டெல்லா என் பக்கம் குனிந்து, "ஸ்டேஷனே கேக்குது பாரு. டப்பா வேல செய்யுது" என்றார். அந்த நேரத்தில் அப்படிப் பேச அவரால்தான் முடியும்.

இடைவேளையில் தன் அலுமினிய டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சை சாதத்தை என் முன்னால் இலையில் கொட்டினார். "துன்னு முடி. பிளாஸ்டிக்குல ரேடியோ பூந்துருது, இதுல பூராது" என்றார். பாக்ஸைக் கழுவித் துடைத்து, சோப்பு டப்பாவை உள்ளே வைத்து, எர்த் ஒயரை அதன் கொக்கியில் சுற்றினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. ரப்பர் பேண்டு போட்டார்.

அடுத்த பாட்டில் ட்ரம்பெட்டையும் தாண்டிக் கிட்டார் கேட்டது. பின்வரிசையில் சுண்டல் விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். வேன் ஏறும்போது மாஸ்டர், "அடுத்தது பூந்தமல்லி. சீக்கிரம் வந்துரும்மா" என்றார். தொண்ணூறுகளில் குழு கலையும்வரை ஸ்டெல்லா வாசித்தார்.

அடக்கம் முடிந்து ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் அந்த டிபன் பாக்ஸைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நினைவாகக் கொடு என்று அவர் மகளிடம் கேட்டேன்.

"தர மாட்டேன் அங்கிள். அடுத்த மாசம் எனக்குக் கிட்டார் கச்சேரி கீது, இது வேணும். டோலக்குக்கு ஆள் இல்ல, வர்றீங்களா?"

போகிறேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, கிட்டாரின் முறை வந்ததும் கையை அடக்கிக்கொள்ளும் பழக்கம். அடக்காவிட்டால் மகள் இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டுவிடுவாள்.